சிங்க்குக்கு அடியில் ஒரு கிண்ணம்

சித்தப்பா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் காலை ஏழேகாலுக்கு. ஆறே முக்காலுக்கு அவர் சமையலறை சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்திருந்தார். சித்தி பெட்டியோடு வாசலில் நின்றாள். பஸ் ஸ்டாண்ட் வரை பை தூக்க வந்த நான் அவளுக்குப் பக்கத்தில்.

"என்னங்க, அங்க என்ன தேடுறீங்க? பாஸ்போர்ட் என் கையில இருக்கு."

"ஒண்ணுமில்ல. எல்போகிட்ட ஈரமா இருக்கு."

சுவரிலிருந்து வெளியே வரும் இரும்புக் குழாய் மேலே திரும்புகிற இடத்தில் ஒரு வளைவுத் துண்டு இருக்குமே, அதுதான் எல்போ. சித்தப்பா பைப் ஃபிட்டர். அந்த வீட்டில் ஓடுகிற அத்தனை குழாயும் அவர் கையால் போட்டது. கட்டைவிரலால் எல்போவைத் துடைத்தார், விரலைப் பார்த்தார், பேன்ட்டில் தேய்த்துக்கொண்டார்.

"கசியல. வேர்க்குது. பச்சைத் தண்ணி ஓடுற பைப்பு, காலையில வேர்க்கத்தான் செய்யும்."

"ஒரு தடவை இறுக்கிட்டுப் போயிடுங்களேன்."

"வந்து பார்த்துக்கலாம். ரெண்டு வருஷம்தானே?"

குழாயைத் திருகுகிற அவருடைய பெரிய பைப் ரெஞ்சு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதை எடுத்துப்போகவில்லையா என்று கேட்டேன். அங்கே எல்லாம் கொடுப்பார்கள் என்றார். அப்படியே கிளம்பிவிட்டோம்.

சாயங்காலம் சித்தி எல்போவுக்கு நேர் கீழே ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தாள். வேர்வைக்கு எதற்குக் கிண்ணம் என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் நானும் ஊரைவிட்டுக் கிளம்பினேன். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். இடையில் நடந்ததைச் சித்தியும் கீழ்வீட்டு டியூஷன் டீச்சரும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள்.

சித்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக ரிப்பேர் பார்க்கிறவள். கடையின் பின்பக்கம், ஜன்னலோரம், ஒரு மேசை. மேசைமேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, பொத்தான் டப்பாக்களில் அளவு வாரியாகத் திருகாணிகள். கடுகை விடச் சின்னத் திருகாணியை மூச்சை அடக்கிக்கொண்டு பொருத்துவாள். பொருத்திய பிறகுதான் வாயைத் திறப்பாள். திறந்தால் எதிரே நிற்பவர் பாடு திண்டாட்டம்.

"கண்ணாடிக் காது ஆடுதுன்னு எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"அன்னைக்கே வந்திருந்தா ஒரு சுத்து சுத்தி அனுப்பியிருப்பேன். இப்ப திருகாணி போச்சு, கீல் வளைஞ்சுது, கீழ விழுந்து கண்ணாடியிலயும் கீறல். மூக்கு மேல வெச்சுக்கிட்டே ஒரு மாசம் எப்படிய்யா சும்மா இருந்தீங்க?"

பெரிய அதிகாரிகள்கூட அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையைச் சொறிவார்கள். இதையெல்லாம் பேசிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, சிங்க்குக்கு அடியிலிருந்து நிறைந்த கிண்ணத்தை எடுத்து, பால்கனிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். காலை எட்டரைக்கு ஒரு தடவை, மாலை ஆறுக்கு ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை.

"ஒரு சொட்டு வீணாகல, தெரியுமா?" என்று என்னிடம் போனில் பெருமையடித்திருக்கிறாள்.

அவள் கணக்கில் கிண்ணத்தில் விழுவதுதான் கசிவு. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டால் கசிவே இல்லை.

அந்தச் சமையலறைக்கு நேர் கீழேதான் டீச்சரின் டியூஷன் அறை. சாயங்காலம் நாலரை மணிக்குப் பதினாலு பிள்ளைகள், நாலு பெஞ்சு. முதல் வருடக் கடைசியில் முன்பெஞ்சுக்கு மேலே கூரையில் ஒரு மஞ்சள் கறை தெரிந்தது. டீச்சர் மாடிக்கு வந்து சொன்னார்.

"அக்கா, மேல ஏதாவது கசியுதா?"

"கசியல டீச்சர். வேர்க்குது."

"வேர்வைன்னா பைப்பு முழுக்க இல்ல வேர்க்கணும்? ஒரே இடத்துல மட்டும் எப்படி வேர்க்கும்?"

"எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டுத்தான் போனார்."

ஃபிட்டரே பார்த்துச் சொன்னதை எதிர்த்து ஒரு கணக்கு டீச்சர் என்ன பேசுவது? கீழே இறங்கிவிட்டார். ஆனாலும் மனசு கேட்காமல், கறை எவ்வளவு பெரியது என்று அளந்து வைக்க நினைத்தார். பெஞ்சின்மேல் ஏறி, நூலில் ஒரு ரப்பரைக் கட்டித் தொங்கவிட்டு, கறையின் ஓரத்தை அங்கங்கே தரைக்கு இறக்கிச் சாக்பீஸால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்ததும் தரையில் கறையின் உருவம் வந்தது. தரை ஓடுகள் ஒவ்வொன்றும் ஓர் அடிச் சதுரம். பாதிக்கு மேல் நிரம்பிய ஓடு என்றால் ஒன்று என எண்ணு, பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. ஒழுங்கற்ற வடிவத்தின் பரப்பளவு! பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே கணக்கு. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மூன்று ஓடு என்று விடை சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் நாள் வந்தால், "டீச்சர், இன்னைக்குக் கறைக் கணக்கு!" என்று பிள்ளைகளே நினைவுபடுத்தினார்களாம். தன் தப்பு அங்கேதான் தொடங்கியது என்று டீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். "சண்டை போட வேண்டிய விஷயத்தைப் பாடமா ஆக்கிட்டேன்."

சித்தியும் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஒரு தடவை சித்தப்பாவின் தோழர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவரும் ஃபிட்டர். கையில் எது கிடைத்தாலும் உடையும் வரைக்கும் திருகுவார் என்பதால் தொழிலில் அவருக்கு 'இறுக்கி' என்று பெயர். வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிங்க்குக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கட்டிய கையை அவிழ்க்காமலே எழுந்தார்.

"அண்ணன் போட்ட ஜாயிண்ட், அண்ணி. நான் கை வைக்க மாட்டேன்."

"ஏன், சுடுமா?"

"சுட்டாக்கூடப் பரவாயில்ல."

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு ஃபிட்டரின் சொந்த வீட்டில் இன்னொரு ஃபிட்டர் ஜாயிண்ட்டைத் தொட மாட்டான். வீட்டுக்காரனே தன் ரெஞ்சை எடுத்துக் கையில் கொடுத்து, 'நீ பாரு' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால், 'உன் வேலை சரியில்லை' என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. கொடுக்க வேண்டிய ஆள் கடல் நடுவே ஒரு எண்ணெய்க் கிணற்றின் மேடையில் இருந்தார். ரெஞ்சு ஆணியில் இருந்தது.

போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சித்தி கேட்கவில்லை. இரண்டு வருட வேலை மூன்றாகி, மூன்று நாலானது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். முதுகுவலி, மழை, கடை முதலாளியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் பேசினார்கள். எல்போ மட்டும் பேச்சில் வரவில்லை.

மூன்றாம் வருடம் இன்னொன்று நடந்தது. கிண்ணத்தில் விழும் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. முன்பு பத்து மணி நேரத்தில் நிறைந்த கிண்ணம் இப்போது பாதிகூட வரவில்லை. அதே மாதங்களில் கீழே கறை ஆறு ஓட்டிலிருந்து பதினாலுக்குத் தாவியது. மேலே இருந்தவளுக்குக் கிண்ணம் தெரியும், கீழே இருந்தவருக்கு ஓடு தெரியும். இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நான் திரும்பி வந்து சித்தி வீட்டில் இறங்கியபோது கறை இருபத்தாறு ஓட்டில் இருந்தது. நான்கு வருடத்தில் பதினோரு வாடகை வீடுகளில் குடியிருந்துவிட்டேன். எந்த வீட்டிலும் முதலில் சிங்க்குக்கு அடியில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சித்தி வீட்டிலும் பார்த்தேன். அலமாரிக் கதவு ஊறி உப்பி மூடவே இல்லை, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள். உள்ளே நனைந்த செய்தித்தாள் வாடை. சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது. கிண்ணம் கிட்டத்தட்டக் காய்ந்து கிடந்தது.

"பார்த்தியா, குறைஞ்சுடுச்சு. தானா அடைச்சுக்கிட்டு வருது" என்றாள்.

"குழாய்க்குப் புண்ணு ஆறுமா சித்தி?"

"துரு அடைச்சுக்கும்டி. உங்க சித்தப்பா ஒரு தடவை சொல்லியிருக்கார்" என்றபடி தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டாள்.

"காலையிலதானே மோட்டார் போட்டீங்க? இப்ப மறுபடியுமா?"

"நீ வந்திருக்கல்ல? குளிக்கப் போனா தொட்டியையே காலி பண்றவளாச்சே நீ."

எனக்குக் கோபம் வந்தது. நான் அவ்வளவு குளிப்பதில்லை. மறுநாள் சித்தி கடைக்குப் போனதும் டீச்சரைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டோம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. கிண்ணத்தில் விழுந்தது ஒரு மடக்குக்கூட இருக்காது.

"அப்ப மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு டீச்சரே பதிலைக் கண்டுபிடித்தார். கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார்.

அன்று மாலை சித்தியிடம் சொன்னோம். நாலு விரல் என்று காட்டினேன். டீச்சர் துடைப்பக் கட்டையால் தன் அறைக் கூரையைத் தட்டிக் காட்டினார். ஓரத்தில் தட்டினால் கெட்டியான சத்தம், முன்பெஞ்சுக்கு மேலே தட்டினால் பொத்தென்று வெறும் டப்பா சத்தம்.

"பிள்ளைங்களைப் பின்னால நகர்த்தி உட்கார வைக்கிறேன்கா. ஆனா அறையே இவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை அவர்கிட்ட கேட்டுடறேன்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். கேட்கவில்லை. போனை வைத்ததும் நான் பார்த்த பார்வைக்கு அவளே பதில் சொன்னாள்.

"என்னடி முறைக்கிற? கடல் நடுவுல நிக்கிற மனுஷன்கிட்ட, நீங்க போட்ட ஜாயிண்ட் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது? அவருக்கு இருக்கிற பேரே அந்த வேலைதான்."

"பேரு போகாது சித்தி. கூரைதான் போகும்."

"வாயைக் கொஞ்சம் மூடிக்கிறியா?"

புதன்கிழமை மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கூரை விழுந்தது.

நான் மேலே இருந்தேன். லாரியிலிருந்து மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். படியிறங்கி ஓடினேன். டீச்சர் துடைப்பக் கட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வெள்ளைப் புழுதி. மேலே பூச்சு பெயர்ந்து கூரையின் கம்பிகள் தெரிந்தன, துருப்பிடித்து ஊதி ஊதி, இலை இலையாக. பிள்ளைகள் வர இன்னும் எண்பது நிமிடம் இருந்தது.

சித்திக்குப் போன் செய்தேன். கடையில் போட்டிருந்த ஏப்ரனோடு வந்தாள். மேல்பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பெஞ்சுகளை அவசரமாகப் பின்னால் தள்ளியிருந்தும் இரண்டாம் பெஞ்சின் பாதி அந்த இடத்துக்குக் கீழேதான் இருந்தது. பலகை நடுவில் பிளந்து கிடந்தது. சித்தி விழுந்த பூச்சில் ஒரு துண்டை இரண்டு கையாலும் தூக்கினாள். கனத்தில் கைகள் இறங்கின.

"இந்த இடத்துல யார் உட்காருவாங்க டீச்சர்?"

"அக்கா தங்கச்சி ரெண்டு பேர். சின்னவளுக்கு ஏழு வயசு."

சித்தி துண்டைத் தரையில் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். நேராக மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியின் வால்வை மூடினாள். இறங்கி வரும்போதே இறுக்கிக்குப் போன் போட்டாள்.

வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வந்தார்.

"அண்ணி, நான் முன்னாடியே சொன்ன மாதிரி..."

"உங்களை யாரு தொடச் சொன்னா? வாய் இருக்குல்ல? பக்கத்துல நின்னு சொல்லுங்க, நான் செய்றேன்."

ஆணியிலிருந்து ரெஞ்சை எடுத்தாள். நான்கு வருடத் தூசி. பதினெட்டு வருடமாகக் கடுகு சைஸ் திருகாணியைத் தவிர எதையும் திருகாத கை, முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்பைப் பிடித்தது. இறுக்கியின் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு.

"வாயை அகலமா வைங்க. ரெஞ்சு வாயை, அண்ணி. இப்ப மெதுவா..."

மெதுவாகத்தான் திருப்பினாள். எல்போ பிஸ்கட் மாதிரி உடைந்தது. கையில் பாதி, சுவரில் பாதி. உள்ளே இருந்தது இரும்பா மண்ணா என்று தெரியவில்லை. உடைந்த இடத்தில், சுவர்ப் பக்கமாக, ஒரு விரல் நுழையும் ஓட்டை. கிண்ணம் ஏன் காய்ந்தது என்பது அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒன்றாகப் புரிந்தது. தண்ணீர் கிண்ணத்தை விட்டுவிட்டுச் சுவருக்குள் வழி தேடிக்கொண்டது.

"முதல்லயே பார்த்திருந்தா?" என்று கேட்டாள் சித்தி.

இறுக்கி கொஞ்சம் தயங்கினார். "கழட்டி, மரையில சுத்தியிருக்கிற பழைய சணலை எடுத்துட்டு, டேப்பு சுத்தி மாட்டினா முடிஞ்சுது. பத்து நிமிஷம் அண்ணி."

சித்தி ரெஞ்சைக் கீழே வைத்தாள். உளியை எடுத்தாள். இரண்டடி நீளத்துக்குச் சுவரைக் கொத்தி, அடுத்த இணைப்பு வரை பழைய குழாயைக் கழற்ற மூன்று மணி நேரம் ஆனது. அதே அளவுக்கு மரை வெட்டிய புதுக் குழாயையும் ஒரு எல்போவையும் கடையிலிருந்து நான் வாங்கி வந்தேன்.

"மரை ஏறுற பக்கமாவே டேப்பைச் சுத்துங்க. எதிர்ப்பக்கம் சுத்தினா உருவிக்கிட்டு வந்துடும்" என்றார் இறுக்கி. அவர் கை முதுகுக்குப் பின்னால் தானாக இல்லாத ஒரு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சித்தி கையால் திருகினாள். கை நின்ற இடத்திலிருந்து ரெஞ்சால் ஒன்றரைச் சுற்று. நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு சுத்து போகும் அண்ணி."

"போகும். அப்புறம் உடையும். உங்களுக்கு அந்தப் பேரு சும்மாவா வந்துது?"

இறுக்கி வாய்விட்டுச் சிரித்தார். வால்வைத் திறந்தோம். காகிதக் கைக்குட்டையை ஜாயிண்ட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு அரை மணி நேரம் மூவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். காகிதம் காய்ந்தபடியே இருந்தது. இறுக்கி அப்போதுதான் பின்கையை அவிழ்த்து, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

குழாய் ஒரே நாளில் முடிந்தது. மற்றது முடியவில்லை. கொத்தனார் வந்து கம்பிகளைச் சுரண்டி, இரண்டு கம்பியை மாற்றி, பூசி, காய வைக்க மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் டியூஷன் சித்தியின் கூடத்தில் நடந்தது. பதினாலு ஜோடிச் செருப்பு மாடிப்படியில். சித்தி கடை முடிந்து வந்து பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிச் சமையலறைக்குப் போவாள். அந்த ஏழு வயதுக்காரி போகிறவளைப் பிடித்து, "ஆன்ட்டி, இனிமே கறைக் கணக்கு கிடையாதா?" என்று கேட்டாள். "கிடையாது, வேற கணக்குப் போடு" என்று சொல்லிவிட்டு, சித்தி சமையலறைக்குள் போய் ஜாயிண்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

அலமாரியைக் கழற்றி வெளியே போட்டாயிற்று. கிண்ணத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். மாதத்தின் முதல் நாள் இப்போது டீச்சருடையது அல்ல, அவளுடையது. அன்று வீட்டில் உள்ள ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் துணியால் துடைத்து, காகிதம் சுற்றி, மறுநாள் காலையில் பார்ப்பாள். குளியலறைக் குழாயில் ஒரு சொட்டு கண்டபோது அன்றைக்கே வாஷர் மாற்றினாள். ரெஞ்சு மறுபடி ஆணிக்குப் போனது. "அது அவரோடது" என்பாள், எடுக்கும்போதெல்லாம்.

கூரை விழுந்த அன்றே அவள் சித்தப்பாவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். உள்ளங்கையில் வைத்த உடைந்த எல்போ. கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல் பேசினார்கள். முதுகுவலி, மழை. ஒவ்வொரு தடவை போனை வைத்த பிறகும் சித்தி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவர் கோபமாக இருக்கிறாரா, வெட்கப்படுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து, நான் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், கடையிலிருந்து சித்தி எனக்கு ஒரு செய்தியை அனுப்பினாள். தான் எழுதியது அல்ல, வந்ததை அப்படியே தள்ளிவிட்டிருந்தாள்:

"அன்னைக்கு அது வேர்வை இல்ல. கசிவுதான். விரல் வெச்சதுமே தெரியும். கழட்டினா பஸ்ஸை விட்டுடுவேன்னு சொல்லாம வந்துட்டேன். நடந்ததையெல்லாம் இறுக்கி சொன்னான், கீழ பிள்ளைங்க உட்கார்ற இடம்னு அன்னைக்கு யோசிக்கல. ரெஞ்சை இறுக்கிகிட்ட குடுத்துடாத. அவன் கேட்டா, உங்க அண்ணன் எனக்குக் குடுத்துட்டார்னு சொல்லு. இனிமே அது உன்னோடது."